அந்த வருஷம் இரண்டு பிறந்தநாள்

கிணறு வெட்ட வந்தவர்களுக்காக நான் ஒரு முறை பொய்யாகப் பிறந்திருக்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு இருந்தது. குப்பை கொட்டிக் கொட்டி அது கிணறு என்பதையே எல்லோரும் மறந்திருந்தோம். குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் டேங்கர் லாரிதான். அம்மா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினாள். லாரிக்காகக் குடத்தோடு காத்து நின்று வேலைக்குப் பிந்திப் போவாள். இனியும் பிந்தினால் வரவே வேண்டாம் என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஊரார் எச்சில் தட்டெல்லாம் கழுவுகிறேன், என் வீட்டுக் குண்டானைக் கழுவத் தண்ணீரில்லையே என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

அந்தக் கோடை விடுமுறையில்தான் அந்தக் கிணற்றைத் தூர்வாரி வெட்டித் தர அவர்கள் வந்தார்கள். ஏதோ ஒரு சர்ச்சிலிருந்து வந்த வாலண்டியர்கள். கல்லூரியில் படிக்கிறவர்களும், ஆபீசுக்கு லீவு போட்டவர்களுமாக ஒரு கூட்டம். அதற்கு முன் மலைப்பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கள் லைனில் யாரும் சர்ச்சுக்குப் போகிறவர்களில்லை. அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. காலையில் கண்மூடி ஜெபம் செய்வார்கள், உடனே சேற்றில் இறங்கிவிடுவார்கள். கண்ணாடி போட்ட ஓர் அக்காதான் அவர்களுக்குத் தலைமை, எல்லோருக்கும் அவள் சேச்சி. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்க, அவள் அந்த நாற்றத்தை வாளி வாளியாக மேலே அனுப்பியபடி பாடவேறு செய்வாள். எங்கிருந்தோ வந்த அந்த மகராசியை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் குளிர்ந்துவிடும்.

அவர்களிடம் ஒரே ஒரு குறை, எங்கள் கையால் எதுவும் சாப்பிட மாட்டார்கள். உதவி செய்யப் போகும் இடத்தில் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். மதியத்துக்குப் பொதிச்சோறு கொண்டுவந்துவிடுவார்கள். அம்மா என்னிடம் கொடுத்தனுப்பிய சாயா அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் பருப்புவடையும் திரும்பி வந்தது. வடை திரும்பியதில் எனக்கு வருத்தமொன்றுமில்லை, உட்கார்ந்து தின்றேன். அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று.

“நம்ம வீட்ல கை நனைக்காதவங்க வெட்டின கெணத்துல நான் ஒரு சொட்டு எடுக்க மாட்டேன், பாத்துக்க!” என்று மாமாவிடம் சொன்னாள். மாமா அவள் தம்பி.

“உனக்கென்ன கிறுக்கா அக்கா? வேலை போயிருமே!”

“போகட்டும்.”

அம்மா சொன்னால் சொன்னதுதான். வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்று மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். எது மக்கர் செய்தாலும் கிளப்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு அவருக்கு உண்டு. மறுநாள் காலையில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

“சேச்சி, இன்னிக்கு எங்க மோளுக்குப் பொறந்தநாளு. கொச்சு குட்டி, அவளோட பொறந்தநாள் சோறையுமா வேண்டாம்ப்பீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஐப்பசியில் பிறந்தவள். இப்போதே கொண்டாடித் தீர்த்துவிட்டால் ஐப்பசியில் புது உடுப்பு கிடைக்குமா? என் கவலை எனக்கு.

சேச்சி என்னைப் பார்த்தாள், சட்டத்தை யோசித்தாள், சரியென்றாள். மதியம் எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சோறு, அயிலைக் குழம்பு, அப்பளம், சேமியாப் பாயசம். அம்மா ஹோட்டலுக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பரிமாறி நான் பார்த்ததில்லை.

“மோளே, எத்ர வயசாயி?” என்று சேச்சி கேட்டாள்.

“எட்டு. ஐப்பசில ஒம்பது ஆகும். அப்பவும் பொறந்தநாள் உண்டு. உண்டுல்ல, மாமா?”

மாமாவுக்குப் பாயசம் புரையேறியது. அம்மா கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். இலையில் வைத்த கைகளெல்லாம் நின்றன. எழுந்து போய்விடுவார்களோ என்று எனக்கே பயம் வந்தது.

சேச்சி மாமாவைத் திட்டவில்லை. நிமிர்ந்து அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இலையைச் சற்று முன்னால் நகர்த்தினாள்.

“சேச்சி, கொறச்சு சோறு கூடி,” என்று அம்மாவை அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

அம்மா மறுசோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்த வாரமே ஊற்று கண்டது. உறை இறக்கி, சுற்றுச்சுவரும் கட்டித் தந்துவிட்டுத்தான் போனார்கள். தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், குடிக்க மட்டும் ஒரு குடம் குழாயில் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் குளிக்கவும் கழுவவும் தாராளமாகப் போதும். முதல் வாளியை இழுத்தது அம்மாதான். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் பிந்தியதே இல்லை. ஐப்பசியில் எனக்குப் புது உடுப்பும் தவறாமல் வந்தது.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஊற்று கண்ட அன்று லைனே கூத்தாடியது, அம்மா வாய்கொள்ளாமல் சிரித்தாள். அன்றைக்கெல்லாம் அழாதவள், ஒரு கை சோறு கூடக் கேட்டதற்கு ஏன் அழுதாள்? சேச்சிக்கு ரொம்பப் பசி போலிருக்கிறது, அதைப் பார்த்து அம்மாவுக்குப் பாவமாகிவிட்டது என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.