மூன்றாம் புத்தகத்துக் கிராமம்

ஆறு புத்தகங்கள். ஆறும் சேர்ந்து ஒரே கதை. லண்டனில் இருக்கும் மாமாவின் மகன் வீடு மாறியபோது, தனக்கு இனி வேண்டாம் என்று பழைய உடுப்புகளோடு சேர்த்து அனுப்பியவை. உடுப்புகள் ஒருவருக்கும் அளவில்லை. புத்தகங்கள் மட்டும் நானாட்டானில் எங்கள் வீட்டில் தங்கிவிட்டன.

அவை விளையாடுவதற்கான புத்தகங்கள். ஒருவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ கள்ளனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி, அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும்; பெரிய இலக்கம் விழுந்தால் பலிக்கும். ஒரு புத்தகத்தில் எடுத்த பொருள் அடுத்ததில் தேவைப்படும். விட்டுவிட்டு வந்த எதிரி அடுத்ததில் தேடி வருவான். நடத்துகிறவள் நான். ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லுவேன்.

விளையாடுகிறவர்கள் மூன்று பேர். என் தங்கை, உழவு இயந்திரம் திருத்தும் பக்கத்து வீட்டு அண்ணன், என்னோடு கந்தோரில் கோப்பு வேலை பார்க்கும், அண்ணன் முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் நண்பர். நானாவின் ஊர் மறிச்சுக்கட்டி. போர்க்காலத்தில், அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, வடக்கில் இருந்த முஸ்லிம் மக்கள் எல்லாரும் ஆயுத இயக்கத்தால் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் வளர்ந்து, கலியாணமும் முடித்து, பிள்ளைகளோடுதான் ஊருக்குத் திரும்பினார். விளையாட்டில் அவர் கள்ளன். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார்.

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் கூடுவோம். முதல் இரண்டு புத்தகங்களும் சிரிப்பும் வாய்ச்சண்டையுமாகப் போயின. மூன்றாவதில் அந்தக் கிராமம் வந்தது.

சனம் விட்டுப்போன கிராமம். வரைபடத்தில் பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். வீடுகளுக்குள் நிழல்கள் குடியிருக்கும். அவற்றை அழித்துவிட்டுப் பெட்டிகளில் இருப்பதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏழாம் வீட்டில் ஒரு வெள்ளித் திறப்பு இருந்தது. அந்தச் சாவி இல்லாமல் நாலாம் புத்தகத்துக் கோட்டைக் கதவு எந்தக் கள்ளனுக்கும் திறக்காது.

"கதவு பாதி திறந்திருக்கு. உள்ளுக்கு இருட்டு. என்ன செய்யிறியள்?" என்று கேட்டேன்.

அண்ணன் வாளை உருவிவிட்டதாகச் சொல்லிப் பகடையை எடுத்தார். நானா அவருடைய கையைப் பிடித்தார்.

"பொறுங்கோ. நான் வாசலிலை நிண்டு சலாம் சொல்லுறன்."

"ஆருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"உள்ளுக்கு இருக்கிறவைக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், இது ஆரின்ரை வீடு?"

புத்தகத்தைப் பார்த்தேன். இரண்டு நிழல்கள், ஒரு பெட்டி. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"அது போடேல்லை நானா."

"அப்ப நான் உள்ளுக்கு வரேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்வது போலத்தான் சொன்னார். அன்றைக்கு ஆட்டம் அத்தோடு நின்றது. அடுத்த ஞாயிறும் அந்த வாசலைத் தாண்டவில்லை. எழும்பிப் போகும்போது நானா சொன்னார்: "வாற ஞாயிறு எங்கடை ஊருக்கு வாங்கோ. அங்கை விளையாடுவம்."

அண்ணனின் வேனில் போனோம். நானா தன் புது வீட்டில் சாப்பாடு தந்துவிட்டு, பழைய காணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முள்ளுப் பற்றைகளை விலக்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். சுவர் ஒன்றும் இல்லை. வெடித்த சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. அதன் நடுவால் ஒரு பாலை மரம் வளர்ந்து நின்றது.

நானா மரத்தடியில் போய் நின்று எங்களைப் பார்த்தார்.

"நீங்கள் வாசலிலை நிக்கிறியள். இடப்பக்கம் அறை, அதுக்குள்ளை என்ரை தம்பி படுத்திருக்கிறான், காய்ச்சல். வலப்பக்கம் குசினி. உம்மா மீன் பொரிக்கிறா. வாப்பா இன்னும் வரேல்லை. கொடியிலை உடுப்புக் காயுது." பிறகு கேட்டார்: "என்ன செய்யிறியள்?"

நான் கேட்கிற அதே கேள்விதான். அண்ணன் செருப்பைக் கழற்றினார். தரையின் விளிம்பில் காலை வைத்தவர், ஏனோ ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, பிறகு உள்ளே போனார். பின்னால் போன நானும் ஒதுங்கினேன். தங்கையும் ஒதுங்கினாள். குறுகலான வாசலில் எதிரே வருகிற ஒருவருக்கு வழி விடுவோமே, அப்படி. ஒதுங்கிய பிறகுதான் ஒதுங்கினேன் என்பதே தெரிந்தது.

நானா எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், கிணறு இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர் வெளியிலை போனது?" என்று மெதுவாகக் கேட்டார்.

பகடையை அன்றைக்கு நாங்கள் வெளியே எடுக்கவே இல்லை.

திரும்பி வரும்போது, சிலாவத்துறை தாண்டிய பிறகு, தங்கை பேசினாள். "அக்கா, எங்கடை விறாந்தைச் சுவரிலையும் பிள்ளையள் இருந்தவை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. போருக்குப் பயந்து ஓடிப்போய் இருந்த தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் வீடு திரும்பியபோது, இடையில் வேறொரு இடம்பெயர்ந்த குடும்பம் எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போயிருந்தது. யார் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. விறாந்தைச் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. மூன்று பிள்ளைகளின் உயரம். அந்தக் கிழமையே அப்பா வெள்ளையடித்தார். சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தது நான். வீட்டைத் துப்புரவாக்குகிறோம் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதை நான் யோசித்ததில்லை.

"அப்பா பூச முன்னம் நான் அதிலை நிண்டு பாத்தனான்," என்றாள் தங்கை. "நடுவிலாளின்ரை கோடும் என்ரை தலையும் சரி."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சுண்ணாம்பு கரைச்சுக்கொண்டு நிண்டியள்."

அடுத்த நாள் கந்தோருக்காக எங்களோடு வானேறிய நானா முன் இருக்கையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கிழமை ஒரு கொப்பி வாங்கிப் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஆட்களை எழுதினேன். யார் இருந்தார்கள், என்ன தொழில், எதை விட்டுவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வீட்டின் வாசலில் நானாவின் கள்ளன் சலாம் சொல்லி, தாயும் மகளுமாக இருந்த இரண்டு நிழல்களிடம் திறப்பைத் தரமுடியுமா என்று கேட்டான். பகடையில் இரண்டு விழுந்தது. அவர்கள் தரவில்லை.

"சரி, அது அவையின்ரை சாமான்தானே," என்றார் நானா. அண்ணன்கூட வாளைத் தொடவில்லை.

திறப்பு இல்லாமல் நாலாம் புத்தகத்தில் படாத பாடு பட்டோம். கடைசியில் கழிவு வாய்க்கால் வழியாகத்தான் கோட்டைக்குள் நுழைந்தோம். இப்போது ஐந்தாவதில் நிற்கிறோம். அதன் முதல் பக்கமே நாங்கள் நிழல்களை அழித்து அந்தக் கிராமத்தைச் சுத்தமாக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறது. அந்த வரிகளை நான் வாசிப்பதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் தொடங்கும் முன் தங்கை கேட்பாள்: "அந்தக் கிராமத்திலை இப்ப எத்தினை வீட்டிலை விளக்கு எரியுது?"

வாயில் வருகிற இலக்கத்தைச் சொல்லுவேன். முதலில் இரண்டு என்றேன், பிறகு நாலு. போன கிழமை ஒன்பது. நான் நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் ஒரு தரமேனும் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.