வயிற்றுக்குள் போன கேமரா

முதலில் பார்த்த டாக்டரம்மா நேர்மையானவர். அதனாலேயே என் மாமியாருக்கு அவரைப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை என்று போய் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்பதுதான். அது சுலபமான டெஸ்ட், ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும், அதைப் பார்த்த பிறகு உங்களைப் பார்க்கிறேன் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்த மாமியார் அந்தச் சீட்டை நாலாகக் கிழித்து செருப்பு விடும் இடத்தில் போட்டார். எம் பையனைக் குறை சொல்ல இவள் யார் என்று பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த டாக்டரும் அதையே கேட்டார். அவரையும் மாற்றினோம். மூன்றாவதாகப் போன தர்மபுரி ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு வயிற்றில் கேமரா போட்டுப் பார்த்துவிடலாம் என்றார்கள். மாமியாருக்கு அந்த டாக்டரை உடனே பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கத்தில் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். ஆண்பிள்ளையைத் தொடாத டாக்டர் கிடைக்கும்வரை தேடுவார்கள்.

என் கணவரை ஊரில் எல்லோரும் நல்லவர் என்பார்கள். குடி, சீட்டு எதுவும் கிடையாது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர், சொட்டுநீர் போட்டுத் தக்காளி. நான் மாரண்டஹள்ளியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அம்மா பேசும்போது வாயைத் திறக்க மாட்டார். அதைத்தான் நல்ல குணம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

ஆபரேஷன் அன்று தியேட்டருக்குள் படுக்க வைத்தபோது பக்கத்துத் தட்டில் இருந்த கருவிகளைப் பார்த்தேன். சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை போட வீட்டில் ஒரு கருவி வைத்திருப்போம். அதையே பெரிதாக, பளபளவென்று செய்த மாதிரி ஒன்று இருந்தது. அதற்குள் நுழைகிற ஒல்லியான நீளக் கம்பி ஒன்று, அதன் நுனியில் கண்ணாடி. பயத்தில் நர்ஸிடம் கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளாமல் சொன்னார். தொப்புள் வழியாகக் கேஸ் ஏற்றி வயிற்றை உப்ப வைப்பார்களாம், அப்போதுதான் உள்ளே பார்க்க இடம் கிடைக்கும். அந்த நீளக் கம்பிதான் கேமரா. கீழே இன்னொரு சின்னத் துளை போட்டு, உள்ளே இருப்பதை நகர்த்திப் பார்க்க இடுக்கி மாதிரி ஒன்றை விடுவார்கள். மொத்தத்தில் இரண்டு தையல். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மயக்க ஊசி ஏறி நினைவு போய்விட்டது.

அந்தக் கருவிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது பார்த்ததைப் பார்த்தபடி காட்டியது. அந்த வீட்டு விவகாரத்தில் அப்படி நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு வலது தோள் பிடுங்கி எடுத்தது. ஏற்றிய கேஸ் கொஞ்சம் உள்ளே தங்கி, தோளில் வலிக்கும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். மாமியார் நம்பவில்லை. வயிற்றில் கொசு கடித்த அளவுக்குத் தழும்பு, இவளுக்குத் தோளில் வலியாம் என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பெரிதாகக் கிழித்துத் தைத்திருந்தால் ஒரு மாதம் படுக்க விட்டிருப்பார்கள். எனக்கு மூன்றாம் நாளே தக்காளி தரம் பிரிக்கும் வேலை. குனிந்து நிமிரும்போதெல்லாம் அவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வீடியோவைப் பென் டிரைவில் போட்டு மாமியார் கையில் கொடுத்திருந்தார்கள். என் வயிறு, ஆனால் என்னிடம் யாரும் கொடுக்கவில்லை. நான் மயக்கம் தெளியாமல் கிடந்தபோது டாக்டர் என் கணவரை அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார் என்று தெரியும். என்ன சொன்னார் என்று வீட்டில் இரண்டு தடவை கேட்டேன். போகப் போகப் பார்க்கலாம் என்று சொன்னதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியாரின் அண்ணன் பொம்மிடியிலிருந்து வந்தார். அவருக்குப் படிப்பு முடித்த ஒரு மகள் இருக்கிறாள், என் கணவருக்கு முறைப்பெண். கறிச்சோறு பரிமாறி ஆனதும் மாமியார் பென் டிரைவை டி.வி.யில் செருகச் சொன்னார். என் கணவர் செருகினார். வேண்டாம் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

திரை முழுக்க ரோஸ் நிறமும் மஞ்சள் கொழுப்புமாக என் உள்வயிறு தெரிந்தது. சத்தம் வரவில்லையே என்று மாமியார் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார். கூச்சத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இடுக்கி எதையோ தூக்கிப் பிடித்தது. அப்படித் தூக்கிப் பிடித்ததன் நுனியிலிருந்து மயில்துத்தம் கரைத்த மாதிரி அடர்நீலமாக ஒரு தண்ணீர் வழிந்தது. பிறகு மறுபக்கமும் வழிந்தது. நானே பயந்துபோனேன்.

மாமியாரின் அண்ணன் கையைக் கழுவாமல் எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்றார்.

"மருந்து குடிச்ச ஒடம்ப நான் தூக்கிட்டுப் போயிருக்கறேன். நெகமெல்லாம் இப்பிடித்தான் நீலம் பாஞ்சு கெடக்கும். இந்தப் புள்ள கல்யாணத்துக்கு முன்னாடி எப்பவோ மருந்து குடிச்சிருக்குது. வெஷம் உள்ளயே தங்கிப்போச்சு."

எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்து குடித்த ஒருவரையாவது தூக்கிக்கொண்டு ஓடாத ஊர் இல்லை. அதனால் நீலத்தைப் பார்த்ததும் அவருக்கு அதுதான் தோன்றியது. மாமியாருக்கு அது போதும். நான் பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்ப்பதே சாட்சியாகிவிட்டது. யாருக்காகக் குடித்தாய், உன் அப்பன் எதை மறைத்து எங்கள் தலையில் கட்டினான் என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்து, டாக்டர் என்ன சொன்னார் என்று இப்போதாவது சொல்லுங்கள் என்றேன். ஞாபகமில்லை என்றார்.

அந்தப் பேச்சு மூன்று நாளில் கண் காது மூக்கு வைத்து வளர்ந்தது. தண்ணீர்க் குழாயடிக்கு வரும்போது காரிமங்கலத்தில் எனக்கு ஒரு காதலனே கிடைத்திருந்தான். அடுத்த ஞாயிறு என் அப்பாவை வரச்சொல்லி விஷயத்தை முடித்துவிட்டு, பொம்மிடிப் பெண்ணைப் பற்றிப் பேசுவது என்று முடிவாயிற்று. என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், அதுவும் விஷம் குடித்தவள் என்ற பேரோடு. போவதில்கூட எனக்கு வருத்தமில்லை. அந்தப் பேரோடு போகக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே எண்ணம்.

புதன்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பாலக்கோட்டில் பஸ் மாறி தர்மபுரி போனேன். அந்த நீலம் விஷமா என்று நான் கேட்டதும் நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஃபைலைப் பார்த்துச் சொன்னது இதுதான். அந்த நீலம் அவர்களே கீழிருந்து செலுத்திய சாயம். கருக்குழாய் அடைத்திருந்தால் அது வெளியே வராது. எனக்கு இரண்டு பக்கமும் தாராளமாக வந்திருக்கிறது.

"இதெல்லாம் உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னிக்கே சொன்னனேம்மா. உங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லி, அவருக்கு டெஸ்ட் எழுதிக் குடுத்தேன். சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டுப் போனாரே."

திரும்பி வரும்போது பாலக்கோடு வரை எனக்கு அழுகையே வரவில்லை. மாமியார்மேல் இருந்த கோபம்கூட எங்கோ போய்விட்டது. அவருக்கு விஷயம் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். என்னை விஷம் குடித்தவள் என்று அவர்கள் சொல்லும்போது, தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து கறி தின்றிருக்கிறார். அந்த மனுஷனை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து குற்றவாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். யாரும் ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே பென் டிரைவைச் செருகினேன். நீலம் வழியும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். மாமியாரின் அண்ணனிடம் நிதானமாகத்தான் பேசினேன்.

"பெரியப்பா, சொட்டுநீருல உரம் விட்டா கடைசிச் செடி வரைக்கும் போவுதான்னு நடந்து போயிப் பாப்பீங்கல்ல? அதத்தான் இதுல பாத்திருக்காங்க. இது அவங்களே உள்ள விட்ட சாயம். அடைப்பு இருந்தா வராது. எனக்கு ரெண்டு பக்கமும் வந்திருக்குது. இத டாக்டரு அன்னிக்கே உங்க மாப்ளகிட்டச் சொல்லி, அவருக்கு டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்கறாரு. கேட்டுப் பாருங்க."

மாமியார் மகனைப் பார்த்தார்.

"சொன்னாராடா?"

"சொன்னாருங்மா," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமியாரின் அண்ணன் இப்போதாவது என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என் கணவரிடம் சொன்னார்.

"மாப்ள, நாளைக்கே போயி அந்த டெஸ்ட்ட எடுத்துரு. அத என் கண்ணால பாக்காம எம் புள்ளையப் பத்தி இந்த வூட்ல பேச்சே கெடையாது."

"சரிங்கண்ணா," என்றார் மாமியார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு டாக்டர்கள் கேட்டும், மூன்றாவது டாக்டரும் எழுதிக் கொடுத்தும் நடக்காத காரியம். எனக்கு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் துளைத்து, ஊரைக் கூட்டிப் படம் போட்டுக் காட்டிய பிறகும் என் கணவருக்கு ஒரு டப்பா கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மாமியாரின் அண்ணன் மகள் வாழப்போகும் இடம் என்றதும் ஒரே நிமிஷத்தில் நடந்துவிட்டது. நான் நாலு வருஷம் வாழ்ந்த இடத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. விஷம் குடித்தாள் என்று சொன்னது தப்பு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

அப்பாவிடம் போகலாம் என்றேன். என் துணிகளை இரண்டு பைகளில் முந்தின நாளே எடுத்து வைத்திருந்தேன். என் கணவர் வாசல்வரை வந்தார். ஒரு பையை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

அவர் டெஸ்ட் எடுத்தாரா, அதில் என்ன வந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து பொம்மிடிப் பெண்ணை ஓசூரில் ஒரு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் அப்பா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.