ஓயாமலை

செல்லச்சாமி அண்ணனுக்குக் கோபம் வந்தால் தமிழும் சிங்களமும் சேர்ந்தே வரும். வரட்டும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் உட்கார்ந்திருந்த கதிரையையே தூக்கியிருப்பேன்.

கண்டியில் ஒரு கந்தோரில் பழைய நில வரைபடங்களை இழுத்துத் திறக்கும் லாச்சிகளில் அடுக்கி வைப்பது இருபத்தெட்டு வருடமாக அவர் வேலை. பக்கத்து மேசை என்னுடையது. அவர் பிறந்தது பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மண்சரிவில் லயத்து வீடுகளை இழந்த பன்னிரண்டு குடும்பங்களுக்கு அங்கே ஓயாமலை என்ற சரிவில் வீடு கட்டினார்கள். நாலாம் வீடு அவர் மகள் நிரோஷினிக்கு.

வேலை ஓயாத மலை, அதனால் ஓயாமலை. தோட்டத்தில் எல்லோரும் சொல்வது இதுதான், அவரும் அப்படியே நம்பியிருந்தார். ஒருநாள் வெள்ளைக்காரன் காலத்துத் தாள் ஒன்றை விரித்தவர், "ரஸீன், இங்க வந்து பாரு" என்றார். அதே சரிவில் மேலிருந்து கீழாக ஒரு நீலக் கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஓயா'. சிங்களத்தில் ஓடை. தேயிலை நட மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

"மடப்பயலுக நாங்க," என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டார்.

தாளைப் பிரதி எடுத்து, மனு எழுதி, வீடு கட்டும் பொறியியலாளர் முன்னால் போய் நின்றார். புதிய வரைபடத்தில் ஓடை இல்லையாம். ஊருக்கும் 'புதுநகர்' என்று பெயர் மாற்றியாகிவிட்டதாம்.

"பேர மாத்திட்டீங்க சேர், தண்ணிக்குச் சொன்னீங்களா?"

பொறியியலாளர் மனுவை ஓரமாகத் தள்ளிவைத்தார். தோட்டத்துச் சனமும், "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்கிறாரே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வருடம் கூடாரத்தில் கிடந்தவர்கள். சாவி கொடுத்த அன்று நிரோஷினி மட்டும் வாங்கவில்லை. அதே கூடாரத்தில் இருந்த மாமியார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

ஐப்பசி மழையின் மூன்றாம் நாள் காலை, ஆளில்லாத நாலாம் வீட்டின் தரை வெடித்துத் தண்ணீர் பீறிட்டது. மற்றப் பதினொரு குடும்பமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிரோஷினியின் கூடாரத்துக்கு ஓடியது.

மறுநாள் நானும் அண்ணனோடு போனேன். பொறியியலாளரும் வந்திருந்தார், சப்பாத்தில் சேறு படாமல் ஓரமாக நின்றுகொண்டு.

"இங்க ஓடை இருந்துச்சுன்னு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். தமிழும் வரவில்லை, சிங்களமும் வரவில்லை.