முன்னாடி மொழுக்கு, பின்னாடி கெட்டி

சைக்கிள் கடை வெச்சவனுக்கு நகத்துக்கு அடியில கிரீஸும், கடை வாசல்ல நின்னு யோசனை சொல்ற ஆளுங்களும் சாகற வரைக்கும் போகாது. எழுபதுகள்ல ஆரம்பிச்சு ஒரு பதினஞ்சு வருஷம் திருவண்ணாமலை தேரடிப் பக்கம் சைக்கிள் கடை நடத்தினேன். நீங்க துணிக்கடையில நின்னிருக்கலாம், பாத்திரக்கடையில நின்னிருக்கலாம். "இதுலயே நல்லதா, ஆனா கம்மியா ஒண்ணு காட்டுங்க"ன்னு கேட்டவங்க முகத்தைப் பாத்து ஒரு தடவையாவது பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருந்தீங்கன்னா, நீங்களும் நம்ம கட்சிதான். உக்காருங்க, சொல்றேன்.

ஆடு தின்ன அளவு

கீழ்பென்னாத்தூர்லருந்து கோவிந்தசாமின்னு ஒரு பெரியவர் வருவாரு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடற விவசாயி. வருஷத்துக்கு ஒரு டயர் மாத்துவாரு. டயர் மேலயே இருபத்தெட்டு இஞ்சுன்னு அச்சு இருக்கும், ஆனா அவருக்கு அதுல நம்பிக்கை கிடையாது. "அச்சடிக்கறவன் ஆயிரம் அடிப்பான்"னுவாரு. வீட்ல பழைய டயரைச் சுத்திச் சணல் கயிறு வெச்சு அளந்து, ஒரு முடிச்சு போட்டு, இடுப்புல சொருகிக்கிட்டு வருவாரு. நான் புது டயரைச் சுத்தி அந்தக் கயித்தைப் பிடிக்கணும். முடிச்சு சரியா வந்து உக்காந்தாத்தான் பணத்தை எடுப்பாரு.

ஒரு வருஷம் கயித்தை எடுத்து நீட்டினாரு பாருங்க, ஒரு முழம்தான் இருந்துச்சு! அந்த அளவுக்குக் குழந்தைங்க ஓட்டற மூணு சக்கர வண்டிக்குக்கூட டயர் கிடைக்காது. என்னய்யா இதுன்னு கேட்டா, பஸ்ல பக்கத்துல ஒருத்தர் ஆட்டை ஏத்திக்கிட்டு வந்தாராம். இருபத்தெட்டே போடறேன், அதுதான் சேரும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். மனுஷன் கயித்தை ஒரு பார்வை பாத்தாரு, என்னை ஒரு பார்வை பாத்தாரு. "பாதியை ஆடு தின்னுட்டுது தம்பி, மிச்சத்தை நீயே ஒரு மடங்கு ஜாஸ்தியா போட்டு அளந்துக்கோ."

டயரை மோந்து பாத்தவன்

ஏழுமலை எனக்கு அறிமுகமானதே சண்டையிலதான். கீழ்பென்னாத்தூர் போற வழியில ஆறு மைல்ல அவன் ஊரு. தினம் விடிகாலையில தோட்டத்துப் பூவை மூட்டை கட்டி, சைக்கிள்ல கொண்டாந்து கோயில் பக்கம் பூக்கடைங்களுக்குப் போடற ஆளு. முப்பது வயசு இருக்கும். ஒருநாள் கடைக்குள்ள வந்து, மாட்டியிருந்த டயரையெல்லாம் ஒண்ணொண்ணா இறக்கி மோந்து பாக்க ஆரம்பிச்சுட்டான். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "யோவ், இது என்ன முல்லைப்பூவா?"ன்னு கத்தினேன். ரப்பர் பழசான வாசனை மூக்குக்குத் தெரியும்ணேன்னு சாவதானமா சொன்னான். சொன்னதுல தப்பில்லைன்னு பின்னாடி நானே மோந்து பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அவன்கிட்ட ஒத்துக்கலை, அது வேற.

அவனுக்கு வேண்டியது லேசான சக்கரம், லேசான டயர், விலையும் லேசா. மே மாசம் ஒரு இளைஞர் மன்றம் மலையைச் சுத்தி சைக்கிள் பந்தயம் வெச்சிருந்துச்சு. முதல் பரிசு ஒரு புது சைக்கிள். அவன் தங்கச்சி செல்வி பத்தாவது எழுதியிருந்தா. மேல படிக்கணும்னா டவுனுக்குத்தான் வரணும். அவங்க ஊருக்கு பஸ் வர்றதே பள்ளிக்கூடத்துல ரெண்டாவது பீரியடு நடக்கற நேரத்துக்கு. வீட்ல இருக்கற ஒரே சைக்கிள் பூ மூட்டைக்கே சரியாப் போயிடும். அவங்க அப்பா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாராம்: சைக்கிள் இருந்தா படிக்கட்டும், இல்லன்னா வீட்ல உக்காந்து பூ கட்டட்டும். இதையெல்லாம் சொல்லிட்டு ஏழுமலை டயரைக் கீழ வெச்சான். "ஜெயிச்சா செல்வி டீச்சரு, தோத்தா பூ கட்டற பொண்ணு, நடுவுல இருக்கறது ரெண்டு சக்கரந்தாண்ணே."

வெள்ளைக்காரர் குடுத்த சக்கரம்

அந்தச் சமயம் செங்கம் ரோட்டுல ரூம் எடுத்துத் தியானம் பண்ணிக்கிட்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் என் கடைக்கு வாடிக்கை. ஊர்லருந்து கொண்டாந்த ரேஸ் சைக்கிள் வெச்சிருந்தாரு. டயரு என் கட்டைவிரல் அகலந்தான். நம்ம ஊர் ரோட்டுல அது என்ன பாடுபடும்? நாள் தவறாம பஞ்சர். நம்ம இருபத்தெட்டு இஞ்சு கெட்டி டயரைப் பாத்து அவரு பெருமூச்சு விடுவாரு. அவரோட ஒல்லி டயரைப் பாத்து ஏழுமலை பெருமூச்சு விடுவான். நடுவுல நான்.

ஒரு நாள் ஓட்டிப் பாக்கறேன்னு முன் சக்கரத்தைக் கேட்டுட்டான் ஏழுமலை. அவரும் தாராளமா தலையாட்டிட்டாரு. நம்ம பிரேக்கு அந்த ரிம்மைப் பிடிக்காதுடான்னு சொன்னேன், பூ மூட்டை தாங்காதுடான்னு சொன்னேன். யாரு கேக்கறா? மாட்டிக்கிட்டு மறுநாள் விடிகாலை ஹேண்டில்பார்ல ஒரு மூட்டையை வெச்சுக்கிட்டு வந்திருக்கான். ரயில்வே கேட்டுக்கு முன்னாடி ஒரே பள்ளம். சக்கரம் ஜிலேபி ஆயிடுச்சு. சைக்கிளைத் தலையில தூக்கிக்கிட்டு, பூவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்து நின்னவனைப் பாத்து, தெருவே கும்பிட வந்துடுச்சு.

ரெண்டு நாள் உக்காந்து கம்பி கம்பியா முறுக்கி அந்தக் கோட்டத்தை எடுத்தேன். வெள்ளைக்காரர் கோவிச்சுக்குவாருன்னு ஏழுமலை தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான். அவரோ விழுந்து விழுந்து சிரிச்சாரு. அரைகுறைத் தமிழ்ல சொன்னாரு: "சக்கரம் பரவாயில்லை. உங்க ரோடுதான் என் குரு. தினம் அடிக்குது."

தட்டிப் பாத்து வாங்கின ரிம்

அன்னைக்கே ஏழுமலைகிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். ஒல்லி சக்கரம் மேல இருக்கற ஆசையை விடு. பந்தயம் ஓடப் போறது பாதி தார் ரோடு, பாதி மண் ரோடு, வழியெல்லாம் கருவேல முள்ளு. நாம அதுக்குத்தான் டயர் தேடணும். புது ரிம் வாங்க வழியில்லை. கடைக்குப் பின்னாடி கழட்டிப் போட்ட ரிம்மு ஒரு இருபது இருக்கும். ஒண்ணொண்ணா தொங்கவிட்டு ஸ்பேனரால தட்டினோம். நல்ல ரிம்மு கோயில் மணி மாதிரி இழுத்துச் சத்தம் குடுக்கும், விரிசல் விட்டது ஓட்டைச் சட்டி மாதிரி டொக்குன்னு நின்னுடும். இருபதுல ரெண்டு தேறுச்சு. முன்னாடிக்கு பட்டன் தேஞ்சு மொழுக்குன்னு ஆன பழைய டயர். நூல் வெளிய தெரியலைன்னா அது லேசு, வழவழன்னு ஓடும். ஆள் வெயிட்டெல்லாம் பின்னாடிதானே, அங்க மட்டும் புதுசா ஒரு கெட்டி டயர். பழைய டியூப்பை நீளமா கிழிச்சு, ரெண்டு டயருக்குள்ளயும் பட்டையா குடுத்தேன், முள்ளு ஏறினாலும் உள்ள போகாம இருக்க.

எதிர்க்கடை டீக்கடை மணி வந்தான். "தப்பு! கெட்டி முன்னாடி, மொழுக்கு பின்னாடி"ன்னான். வடை சுடறவன் எனக்கு டயர் சொல்லித் தர்றதா? வாய் வளந்து பேச்சு நின்னு போச்சு. நாலு நாள் அவன் கடை டீயைத் தொடலை நான். தலைவலிதான் மிச்சம்.

கேரியரு, மட்கார்டு, செயின் கவரு, ஸ்டாண்டு எல்லாத்தையும் கழட்டிக் குமிச்சேன். அன்னைக்குத்தான் செல்வி முதல் தடவையா கடைக்கு வந்தா. அண்ணனுக்குச் சோறு கொண்டாந்திருந்தா. ரெட்டைச் சடை, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. எலும்புக்கூடா நின்ன சைக்கிளை ஒரு சுத்து சுத்திப் பாத்தா. பக்கத்துல தொப்பையோட நின்ன அண்ணனையும் பாத்தா. "எல்லாத்தையும் கழட்டிட்டீங்கண்ணே, எங்கண்ணனையும் கழட்டிட்டா இன்னும் வேகமாப் போகும்."

ரெண்டு கையும் விட்டான்

பந்தயம் காலையில ஆறு மணிக்கு. இருபது பேருக்கு மேல நின்னாங்க. வேலூர்லருந்து ஒரு பையன், வளைஞ்ச ஹேண்டில்பாரு, விரல் தண்டி டயரு, கால்ல பூட்ஸு. நான் எங்க டயரை இன்னொரு தடவை அமுக்கிப் பாத்துக்கிட்டேன். செல்வி அவன் பூட்ஸையே பாத்துக்கிட்டு நின்னா.

மலையைச் சுத்தற பாதையில எட்டு லிங்கம் இருக்கு. நம்ம ஊர்க்காரன் எவ்வளவு வேகமா போனாலும் லிங்கத்தைக் கண்டா ஒரு கையை எடுத்துக் கன்னத்துல போட்டுக்காம தாண்டமாட்டான். எல்லாரும் போட்டுக்கறதால யாருக்கும் நஷ்டமில்லை. வேலூர்ப் பையனுக்கு மட்டும் அந்தப் பழக்கம் கிடையாது. குனிஞ்ச தலை நிமிராம பறந்துட்டான். நான் அஞ்சாவது லிங்கத்துகிட்ட பம்பும் ஸ்பேனரும் வெச்சுக்கிட்டு என் சைக்கிளோட நின்னேன். ரெண்டாவதா ஏழுமலை வர்றான்! வாடா ராஜான்னு நான் கத்தவும், உள்ள குருக்கள் தீபாராதனை காட்டவும் சரியா இருந்துச்சு. கோயில் மணி அடிக்குது, கற்பூரம் எரியுது. படுபாவி, ரெண்டு கையையும் விட்டுட்டுத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டான். சைக்கிள் போய்க் கல்லுல மோதி, இவன் மண்ணுல உருண்டான். "தீபாராதனைக்கு ஒத்தைக் கையாண்ணே?"ன்னு என்னையே கேக்கறான்! முன் சக்கரம் கோணிக்கிச்சு. முட்டியைக் குடுத்து ஒரு அமுக்கு அமுக்கி, பிரேக்குல உரசாத அளவுக்கு நிமித்தி, முதுகுல ஒரு அறை விட்டு ஏத்தி அனுப்பினேன். அதுக்குள்ள மூணு பேரு தாண்டிட்டாங்க.

நானும் பின்னாலயே மிதிச்சேன். அடுத்து வந்தது மண் ரோடு. அங்க நம்ம வேலூர்ப் பையன் ரெண்டு சக்கரமும் சப்பையாகி, புளிய மரத்தடியில உக்காந்திருக்கான். இன்னும் கொஞ்ச தூரத்துல இன்னொருத்தன் டியூப்பைப் பிடுங்கிக்கிட்டிருக்கான். ஏழுமலை சக்கரம் குடிகாரன் மாதிரி ஆடுது, ஆனா காத்து இறங்கலை. மிச்சம் ரெண்டு பேரையும் டவுனுக்குள்ள நுழையற இடத்துல தாண்டி, தேரடிக்கு முதல் ஆளா வந்து விழுந்தான். சொல்ல வெக்கமில்லை, நான் நடுத்தெருவுல அழுதுட்டேன். டீக்கடை மணி ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டான். பின்னாடி டயரைக் கழட்டிப் பாத்தா ஏழு முள்ளு, எல்லாம் பட்டையிலயே நின்னுடுச்சு. வேலூர்ப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்து பக்கத்துல குந்தி, அந்த முள்ளையெல்லாம் எண்ணிப் பாத்தான். "அண்ணே, இதே மாதிரி பட்டை போட்ட டயரு இன்னொரு ஜோடி இருக்குமா?"

குறுக்குக் கம்பி

பரிசு சைக்கிளை மாலை போட்டுக் கடைக்கு உருட்டிக்கிட்டு வந்தோம். பளபளன்னு பச்சைக் கலரு. செல்வி ஓடி வந்தா, ஹேண்டிலைப் பிடிச்சா, அப்படியே நின்னுட்டா. குறுக்குக் கம்பி வெச்ச ஆம்பிளை சைக்கிள். அந்தப் பொண்ணு கட்டியிருந்தது பாவாடை தாவணி. வாரக்கணக்கா டயரு, ரிம்மு, முள்ளு, பட்டைன்னு மூளையைக் கசக்கின நான், ஏழுமலை, யோசனை மன்னன் மணி, மூணு தடியன்களுக்கும் இது தோணவே இல்லை பாருங்க. செல்வி கண்ணுல தண்ணி தளும்பிடுச்சு. எனக்கு என் தலையிலயே ஸ்பேனரால தட்டிப் பாக்கணும் போல இருந்துச்சு. தட்டியிருந்தா டொக்குன்னுதான் கேட்டிருக்கும்.

அவங்க அப்பாவும் வந்திருந்தாரு. சைக்கிள் இல்லன்னா படிப்பே வேணாம்னு சொன்ன மனுஷன். சைக்கிளைப் பாத்தாரு, மகளைப் பாத்தாரு, மன்றத்துக்காரங்க மேல அவருக்கு வந்த கோவம் இருக்கே! "பரிசு குடுத்தவன் வீட்ல பொம்பளைப் புள்ளையே பொறக்கலியா?"

புதுச் சக்கரம்

அவரு அப்படிக் கேட்டதும் எனக்கு யானை பலம் வந்துடுச்சு. மாத்தலாகிப் போன ஒரு நர்ஸம்மா வித்துட்டுப் போன லேடீஸ் சைக்கிள் என்கிட்ட இருந்துச்சு. சக்கரம் ரெண்டும் துரு, மத்ததெல்லாம் கல்லு மாதிரி. பரிசு சைக்கிளோட புதுச் சக்கரத்தையும் டயரையும் கழட்டி அதுல மாட்டினேன். பச்சை பிரேமு எனக்கு, இது அவங்களுக்கு, சரிக்குச் சரி. சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சுது. மணி எல்லாருக்கும் டீ கொண்டாந்தான். முன்னாடி கெட்டி போட்டிருந்தா கோணியிருக்காதுன்னு அப்பவும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போனான். செல்வி கடை வாசல்லயே மூணு தடவை விழுந்து, நாலாவது தடவை தேரை ஒரு சுத்து சுத்தி வந்துட்டா. அவங்க அப்பா பின்னாலயே ஓடினாரு, வேட்டி அவுந்தது தெரியாம.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்குக் காலையில நான் கடை திறந்துக்கிட்டிருக்கேன். ரெண்டாவது நடை பூ மூட்டையோட ஏழுமலை முதல்ல போனான், மீசையை முறுக்கிக்கிட்டு, ஊரே அவனைப் பாக்கற மாதிரி. பின்னாலயே செல்வி வந்து, கடை முன்னாடி சடக்குன்னு நிறுத்தி இறங்கினா. மூஞ்சியெல்லாம் வேர்வை, பை நிறைய புஸ்தகம், அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நன்றி சொல்லத்தான் நிறுத்தியிருக்குன்னு நினைச்சு, "சக்கரம் எப்படிம்மா ஓடுது, லேசா இருக்கா?"ன்னு பெருமையா கேட்டேன். "சக்கரமெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு, சத்தமா ஒரு பெல்லு மட்டும் உடனே போட்டுக் குடுங்க, ஆறு மைலா எங்கண்ணன் முன்னாடி நின்னுக்கிட்டு எனக்கு வழியே விடமாட்டேங்கறாரு!"

பதினஞ்சு வருஷம் டயரு வித்ததுல நான் கண்டது இதுதான்: எந்த டயரு எந்த ரோட்டுக்குன்னு கடைக்காரன் சொல்லிடலாம், அதுல ஏறி யாரு யாரை முந்தப் போறாங்கன்னு மட்டும் டீக்கடை மணியாலகூடச் சொல்ல முடியாது.