ஐம்பது நிமிடமும் ஒன்பது நாளும்

உங்கள் வீட்டிலிருந்து பிரசவ ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? எங்கள் மலைமேட்டின் பா தெராவ் விமானத்திடலில் இதைக் கேட்டால், பாலாங் முதலில் மேற்கே, விமானம் நுழைந்து வரும் மலை இடுக்கைப் பார்ப்பார்.

"இடுக்கு தெரிஞ்சா அம்பது நிமிஷம். தெரியலன்னா ஆண்டவன் சித்தம்னு பாதிரியார் சொல்வாரு. நான் நாள எண்ணித்தான் சொல்வேன்."

பயணிகளை எடை போடுவது அவர் வேலை. பத்தொன்பது இருக்கை விமானம். ஆளும் மூட்டையும் சேர்ந்தே தராசில் ஏற வேண்டும். பெண்களின் எடையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "அன்னாசிதாம்மா கனம், நீ இல்ல" என்றபடி தாளில் சரியான எண்ணை எழுதுவார். மழையங்கிப் பையில் எப்போதும் ஒரு சுண்ணக்கட்டி இருக்கும்.

அது திடலின் அறிவிப்புப் பலகைக்கு. ஆஸ்பத்திரி இருப்பது கடலோர நகரமான மிரியில். 'மிரி: நூற்றெண்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம்' என்று அதில் அச்சிட்டிருக்கிறது. விமானம் வராத நாள்களின் எண்ணிக்கையைத் தினமும் அதன் கீழே எழுதுகிறார். எழுதச் சொன்னவர் யாருமில்லை. அழிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது.

எங்கள் மேட்டில் தலைப்பிள்ளை பிறந்ததும் தாயும் தகப்பனும் விருந்து வைத்துப் புதுப்பெயர் சூட்டிக்கொள்வார்கள். பிறகு பழைய பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. பாலாங்குக்கு வயது ஐம்பத்துமூன்று, இன்னும் பாலாங்தான். இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவர் மனைவி கால் வீங்கி, பார்வை மங்கி, இதே திடலில் காத்திருந்தாள். ஒன்பது நாள் மேகம். பத்தாம் நாள் வானம் வெளுத்தபோது தாயும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை. சூட்டிக்கொள்ள வைத்திருந்த பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ஓர் அதிகாரி வந்தார், இங்கே மருத்துவர் வேண்டும் என்ற எங்கள் மனுவை விசாரிக்க. படிவத்தில் 'மிக அருகிலுள்ள மருத்துவமனை' என்ற கட்டத்தில் 'ஐம்பது நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றே மேகம் இறங்கியது. மூன்றாம் நாள் திடலுக்கு வந்து கத்தினார்.

"யோவ், விமானம் எப்பய்யா வரும்?"

"அம்பது நிமிஷந்தானே சார். உக்காருங்க."

"என்ன, கிண்டலா?"

"நீங்க எழுதுனதத்தான் சார் சொன்னேன்."

ஐந்தாம் நாள் பறந்து போனார். எழுதியதைத் திருத்தவில்லை. மனு தள்ளுபடி: அருகிலேயே மருத்துவமனை இருக்கிறதாம். மலையையும் மேகத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவை பொய் எழுதுவதில்லை.

இன்று காலை சுபாங் வந்தாள். தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். செருப்புக்குள் கால் நுழையவில்லை. கீழே போக இருந்த ஒரே வழி, மரக்கம்பெனிக்காரர்கள் போட்ட மண்பாதை; அதையும் மழை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

"இன்னிக்காவது வருமா மாமா?"

"புதுப்பேரு பாத்து வெச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"வெச்சாச்சு. சொல்லட்டுமா?"

"வேணாம். விருந்துல கேட்டுக்கறேன். ஏறி நில்லு."

எடையை எழுதிக்கொண்டு மேற்கே பார்த்தார். இடுக்கு தெரியவில்லை. பலகையில் மூன்றை அழித்து நான்கு என்று எழுதினார். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றாக, எண்ணுக்குப் பக்கத்தில் 'சுபாங்' என்று எழுதினார்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அங்கே என்ன எண் இருக்குமோ, தெரியாது. அந்தப் பெயர் அவளுடைய பழைய பெயராக வேண்டும். மனுவை மறுபடி அனுப்புகிறோம். அதில் சேர்க்க உங்கள் பெயரையும் இன்றே எழுதி அனுப்புங்கள்.