கடலுக்கு முதுகு காட்டியவர்

கும்மிடிப்பூண்டி ஆலையில் ஞாயிறு ஓவர்டைம் முடித்து நான் ரயிலில் திரும்பும்போதெல்லாம் அவர் பொன்னேரியில் ஏறுவார். பழவேற்காட்டு மீனவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கருத்த கழுத்தில் பவுடர். வாராவாரம் மெரினாவுக்குப் போகிறவர். என் சட்டையில் கிரீஸ் நாறும். அவரைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “உங்க ஊர்லயே கடல் கீதேண்ணே, மெரினா இன்னாத்துக்கு?”

“கடல யாரு பாக்கறா நைனா? அதுக்கு முதுக காட்டிக்கினு ஒக்காந்து ஜனத்தப் பாப்பேன். எல்லாம் சிரிச்சிக்கினே வரும். ஷோக்கா இருக்கும்.”

எனக்கும் ஒரு ஞாயிறு லீவு கிடைத்தது. மெரினாவில் அவரைப் போலவே உட்கார்ந்தேன். கூட்டம் சிரித்துக்கொண்டுதான் வந்தது. ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவனுக்கு மட்டும் எப்படி வாராவாரம் லீவு கிடைக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்போது அவர் கண்களின்மேலும் பொறாமை.