உப்புக்காற்றின் தலையில் போட்ட பழி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு கிண்ணியாவிலிருந்து ரிசானா போன் எடுத்தாள்.

“அக்கா, டெஸ்ட் போச்சு.”

ரிசானா என்னோடு ஒரே ஒபிசில் ஆறு வருடம் வேலை செய்தவள். புரொஜெக்ட் முடிந்தது, ஒபிசைப் பூட்டினார்கள், எல்லாரும் வீட்டுக்கு. சிங்களமும் தமிழும் அவளுக்கு ஒரே மாதிரி வாயில் வரும். வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். காலை எட்டிலிருந்து இரண்டு வரை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். இதைவிடப் பொருத்தமான வேலை அவளுக்கு எங்கே கிடைக்கும்?

இன்டர்நெட் வழியாக வாய்மொழிப் பரீட்சை. இரண்டாவது கேள்வியில் குரல் விக்கத் தொடங்கியது. மூன்றாவதில் படம் உறைந்தது. “உங்கட குரல் கேக்கேல்ல, மிஸ்” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு கட் பண்ணிவிட்டார்கள். பிறகு ஈமெயில் வந்தது — அடுத்த செவ்வாய் இன்னொரு தரம். அதுதான் கடைசி.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன்.

லப்டொப் மேசையில் இருந்தது. சூடு வெளியேற அடியில் நாலு சோடா மூடி. பக்கத்தில் டேபிள் ஃபேன், முழு வேகத்தில். அப்படியிருந்தும் லப்டொப்பின் உள் ஃபேன் வள்ளத்து எஞ்சின் மாதிரி இரைந்தது. ஒரு புரோகிராமும் திறந்திருக்கவில்லை.

“உப்பு அக்கா,” என்றார் ரிசானாவின் கணவர் நிசாம். கடற்தொழில் செய்கிறவர். “கடல் காத்துக்கு எதுதான் நிக்கும்? கடையில குடுத்துக் கழட்டித் துடைச்சு, புது ஃபேனும் போட்டாச்சு.”

எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. பிரிஜ் பழுதா? உப்பு. டிவி பழுதா? உப்பு. மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் வரவில்லையா? அதுவும் உப்பு. திருத்துகிறவரும் அதையே சொல்வார், நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம். கடல் வந்து மறுத்துப் பேசவா போகிறது?

எது மெஷினை இப்படித் தின்கிறது என்று பார்க்க டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். ஃபேன் அடங்கியது. மூடினேன். அரை நிமிடத்தில் திரும்ப இரைச்சல். திறந்தேன்... அமைதி.

“நாம பாக்கிறது அதுக்குத் தெரியுதா அக்கா?” என்றாள் ரிசானா.

தெரிகிறது. உப்புக்கு அது தெரியாது. கள்ளனுக்குத்தான் தெரியும்.

கிரிப்டோ என்று ஒரு இன்டர்நெட் காசு இருக்கிறது. அதைச் சம்பாதிக்க கொம்பியூட்டர் இரவு பகலாகக் கணக்குப் போட வேண்டும். கரண்ட் பில் ஏறும், மெஷின் தேயும். அதற்குக் கள்ளர் கண்டுபிடித்த வழி — ஊரார் மெஷின், ஊரார் கரண்ட். ஒளித்து ஒரு புரோகிராமை உள்ளே விட்டால் போதும். வேலை கிடைக்காதா என்று காத்திருக்கிற ஒரு பெண்ணின் லப்டொப், முகம் தெரியாத எவனுக்கோ கூலி இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது. டெஸ்டில் குரல் விக்கியது அதனால்தான். வெட்கம் கெட்ட பிழைப்பு.

எப்படி உள்ளே வந்தது? நான் குரலை உயர்த்தினேன். “கண்ட கண்ட சொப்ட்வெயாரை எல்லாம் ஆர் இதில போட்டது?”

ரிசானா என்னைப் பார்த்தாள். “நீங்கதான் அக்கா. அந்த பிடிஎப் திருத்துறது.”

ஓம். நான்தான். காசு கொடுத்து வாங்க வேண்டிய சொப்ட்வெயாரின் பூட்டை உடைத்த கொப்பி. ஒபிசில் பென் ட்ரைவில் கை மாறி வந்தது. கூடவே ஒரு குறிப்பு. முதல் வரி: இதைப் போடுமுன் அன்டிவைரஸை நிறுத்தவும். இரண்டாவது வரி: இந்த ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என்று அன்டிவைரஸுக்குச் சொல்லி வைக்கவும். இரண்டையும் என் கையாலேயே செய்தேன். வாசல் நாயைக் கட்டிப்போடு, நான் வருகிறேன் என்று எவனாவது எழுதி அனுப்பினால் கட்டுவோமா? நான் கட்டினேன். “சும்மா தாறன், வைச்சிரு” என்று பெருமை வேறு.

நிசாம் சோடா மூடிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்டிவைரஸைத் திரும்பப் போட்டு, அந்த ஃபோல்டருக்குக் கொடுத்த விலக்கை எடுத்துவிட்டு, மெஷின் முழுதாக எழும்புமுன்பே தேடுகிற ஸ்கானை ஓட விட்டேன். பிடித்தது. அழித்தோம். அடுத்த நாள் திரும்ப முளைத்தது. கடைசியில் அவளுடைய கடிதங்களையும் படங்களையும் மட்டும் கொப்பி பண்ணிவிட்டு எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டோம். பாஸ்வேர்ட்களை வேறொரு போனிலிருந்து மாற்றினோம். அப்டேட் கேட்டால் ‘பிறகு’ என்று அமத்துகிற பழக்கத்தையும் விடச் சொன்னேன். சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்று அவள் கேட்கவில்லை.

இன்னும் ஐந்து பேருக்கு அதே கொப்பியைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தேன். கப்பல்துறை ஊரில் இருக்கிற ஒருவர் சொன்னார், “கொஞ்சம் மெதுவாத்தான் ஓடுது. ஓடுதுதானே தங்கச்சி, விடுங்கோ.”

விடுவதா? வீட்டுக்குள் ஒருத்தன் குசினியில் இருந்து சாப்பிடுகிறான், சோறு மிச்சம் இருக்குதுதானே என்று விடுவோமா? கண்ணுக்குத் தெரியாத களவென்றால் எங்களுக்கு அது களவே இல்லை. அதை நம்பித்தான் அவன் வருகிறான். காரணமில்லாமல் மெஷின் கொதித்தால், சும்மா இருக்கும்போது ஃபேன் கத்தினால், துடைக்கக் கொடுக்குமுன் உள்ளே என்ன ஓடுகிறதென்று பாருங்கள். அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிற எதையும் தொடாதீர்கள். அவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

அடுத்த செவ்வாய் ரிசானா டெஸ்ட் செய்தாள். குரல் விக்கவில்லை. பாஸ்.

ஆனால் காலை நேரத்து இடங்கள் முதல் தரமே பாஸ் பண்ணினவர்களுக்குப் போய்விட்டன. அவளுக்குக் கிடைத்தது பின்நேரம் இரண்டிலிருந்து எட்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே உம்மா ஆருக்கோ மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். “பரவால்ல அக்கா, வேலை கிடைச்சுதே” என்கிறாள் என்னிடம்.

சும்மா கிடைத்த சொப்ட்வெயாருக்கு விலை இருந்தது. அந்த விலையைக் கொடுத்தது நான் இல்லை.